துருக்கி உருளைக்கிழங்கு முட்டை: எங்கே சொதப்பியது, எப்படிச் சரிசெய்வது

துருக்கியில் இதற்குப் பெயர் பத்தாத்தெஸ்லி யுமுர்த்தா. பத்தாத்தெஸ் என்றால் உருளைக்கிழங்கு, யுமுர்த்தா என்றால் முட்டை. பெயர் எவ்வளவு சுருக்கமோ செய்முறையும் அவ்வளவுதான்: கிழங்கைப் பொரித்து, மேலே முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். காலையில் டீயோடு சாப்பிடுவார்கள். வீட்டில் வேறு எதுவும் இல்லாத ராத்திரிக்கும் இதுதான் கை கொடுக்கும்.

அங்காராவில் வாடகை வீட்டில் இருந்தபோது முதல் ஒரு மாதம் இதை விடாமல் கெடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி, மஞ்சள்கரு சுண்ணாம்புக் கட்டி மாதிரி. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தட்டோடு எதிர்வீட்டுத் தெய்ஸே முன்னால் போய் நின்றேன். (தெய்ஸே என்றால் அம்மாவோடு பிறந்தவர் முறை. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அங்கே அப்படிக் கூப்பிடலாம்.) அவர் முட்டைப் பக்கமே போகவில்லை. ஒரு துண்டு கிழங்கை எடுத்துக் கடித்தார். நறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. "முட்டையை ஏன் குறை சொல்கிறாய் மகனே? கிழங்கு வேகாமலே முட்டையை ஊற்றியிருக்கிறாய். இது வேகட்டும் என்று அடுப்பிலேயே விட்டிருக்கிறாய். முட்டை என்ன செய்யும், பாவம்!"

கீழே இருக்கிற கோளாறுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். முட்டை கெட்டுப்போனதற்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் கிழங்கில்தான் போய் முடியும்.

முதலில், கெடாமல் வந்தால் எப்படி இருக்கும்

இரண்டு பேருக்கு அளவு: நடுத்தர உருளைக்கிழங்கு 3 (சுமார் 400 கிராம்), முட்டை 4, சூரியகாந்தி எண்ணெய் 4 மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு சிறு துண்டு, உப்பு, மிளகுத்தூள், புல் பிபெர் என்கிற மிளகாய்ச் செதில் அரைத் தேக்கரண்டி. வெங்காயமும் காரமில்லாத நீளப் பச்சைமிளகாயும் உங்கள் இஷ்டம்.

கிழங்கை 1 செ.மீ. சதுரமாக, அதாவது சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக் கழுவித் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். அகலமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் போட்டு, மிதமான தீயில் 7, 8 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு 6, 7 நிமிடம் பொன்னிறம் வரும்வரை பொரியவிட்டு உப்புப் போடுங்கள். ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெந்திருந்தால் மட்டும் தீயைக் குறைத்து, கிழங்கை ஒதுக்கி நான்கு குழி பறித்து, குழிக்கு ஒரு முட்டையாக உடைத்து ஊற்றி 2, 3 நிமிடம் மூடுங்கள். உருகின வெண்ணெயில் மிளகாய்ச் செதிலைக் கலந்து மேலே ஊற்றி, பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அங்கே இதற்கென்றே சஹான் என்று இரண்டு காதுவைத்த ஆழமில்லாத செம்புச் சட்டி உண்டு, உள்ளே ஈயம் பூசியிருக்கும். இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. அடி கனமான எந்த வாணலியும் போதும்.

கிழங்கு வெளியே சிவந்து கருகுகிறது, உள்ளே நறுக்கென்றிருக்கிறது

இதுதான் முதல் குற்றவாளி. மூன்று காரணம் உண்டு. எது உங்களுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துண்டு பெரியது. ஒன்றரை, இரண்டு செ.மீ. கனத்துக்கு நறுக்கினால் சூடு நடுவுக்குப் போவதற்குள் வெளிப்பக்கம் தீய்ந்துவிடும். பொரியல் நறுக்குவது போல ஒரே அளவாக நறுக்கவேண்டும். கொஞ்சம் பெரியது, கொஞ்சம் சிறியது என்று போட்டால் சிறியது கருகும்போது பெரியது பச்சையாகவே கிடக்கும்.

மூடாமல் பொரித்தது. முதல் பாதிக்கு மூடி கட்டாயம். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மூடி வைத்தால் அந்தத் தண்ணீரே ஆவியாகி உள்ளே வேகவைத்துவிடும். சிவக்கவைக்கும் வேலை அதற்குப் பிறகு.

கிழங்கு ஃபிரிட்ஜில் இருந்து வந்தது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 6 டிகிரிக்குக் கீழே குளிரில் கிடக்கும் உருளைக்கிழங்கு தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அந்தச் சர்க்கரை எண்ணெயில் பட்டவுடன் கறுக்கும். தீயை எவ்வளவு குறைத்தாலும் வேகும் முன்பே நிறம் ஏறிவிடும், நாக்கில் லேசான தித்திப்பும் தட்டும். நெவ்ஷெஹிர், நீதெ மாகாணங்கள் துருக்கியில் உருளைக்கிழங்குக்குப் பேர்போனவை. கப்படோக்கியா பக்கம் மெத்தென்ற எரிமலைப் பாறையைக் குடைந்து குகைக் கிடங்கு செய்து, அதற்குள் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வெயிலும் படாது, உறைகிற குளிரும் இல்லை. நமக்குக் குகை வேண்டாம், சமையலறையில் வெளிச்சம் படாத ஒரு மூங்கில் கூடை போதும். ஏற்கெனவே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டீர்கள் என்றால் ஒரு வாரம் வெளியே போட்டு வையுங்கள், ஓரளவு சரியாகும்.

இப்போது வாணலியில் இருப்பதைக் காப்பாற்ற: தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து (எண்ணெய் தெறிக்கும், கையில் மூடியோடு நில்லுங்கள்) ஐந்து நிமிடம் மூடுங்கள். பல்குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். பிறகு திறந்து ஈரம் வற்றவிடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் போகும், ஆனால் சாப்பிடலாம்.

அரைமணி ஆகியும் கிழங்கு வேகவே இல்லை

தக்காளி போட்டீர்களா? அல்லது சல்ச்சா என்கிற தக்காளி விழுது?

புளி ஊற்றிவிட்டால் அப்புறம் காய் வேகாது என்பது குழம்பு வைக்கிற எல்லோருக்கும் தெரியும். அதே சங்கதிதான் இங்கேயும். காயின் செல்களைப் பசைபோலப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின், புளிப்பில் கரையாமல் விறைப்பாகவே நிற்கும். துருக்கி வீடுகளில் சிலர் தக்காளியும் சேர்ப்பார்கள்தான், ஆனால் கிழங்கு முழுக்க வெந்தபிறகு. தெரியாமல் முன்னாலேயே போட்டாயிற்று என்றால் அரைக் கப் வெந்நீர் விட்டு மூடி, பொறுமையாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அன்றைக்கு அது பொரியலாக வராது, கூட்டு மாதிரி வரும். முட்டையை அதன்மேல் உடைத்துச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

அடிப்பிடிக்கிறது, கிளறினால் உடைந்து மாவாகிறது

நறுக்கின பரப்பில் மாவுப்பால் ஒட்டியிருக்கும். அது சூட்டில் பசையாகிச் சட்டியைப் பிடித்துக்கொள்ளும். நறுக்கின துண்டுகளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். அரிசி களைகிற மாதிரிதான், தண்ணீர் வெள்ளையாக வருவது நிற்கிறவரை. பிறகு பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு மடிப்புப் போட்டு ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் எண்ணெயின் சூடு அந்தத் தண்ணீரை விரட்டவே சரியாகப் போகும்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரே ஒரு துண்டைப் போடுங்கள். சுற்றி நுரை கட்டிச் சலசலத்தால் மற்றதையும் போடலாம். சும்மா கிடந்தால் காத்திருங்கள்.

இனிமேல்தான் கஷ்டமான காரியம்: கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. போட்டவுடன் கிளறக்கூடாது. நாலு நிமிடம் தொடாதீர்கள். அடியில் ஓடு கட்டினதும் கிழங்கு தானே சட்டியை விட்டுவிடும், தோசை வெந்ததும் கல்லை விடுவது போல. தோசைத்திருப்பியைச் சட்டியோடு ஒட்டி நுழைத்து மொத்தமாகப் புரட்டுங்கள். கரண்டியால் கிண்டினால் மசியலாகிவிடும். எனக்கு மறுபடி மறுபடி நடந்தது இதுதான். சும்மா நிற்க முடியாத சுபாவம்.

எல்லாம் சரியாகச் செய்தும் உடைகிறதென்றால் கிழங்கின் ஜாதி அப்படி. அவித்தால் பூவாக விரிகிற மாவுக் கிழங்கு மசியலுக்குத்தான் நல்லது. துருக்கிச் சந்தையில் பொரிப்பதற்கு மஞ்சள் சதை உள்ள அக்ரியா வகையைப் பார்த்து வாங்குவார்கள். உங்கள் ஊரில் பெயர் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். "பொரிச்சா உடையாத கிழங்கு குடுங்க" என்றால் புரிந்துகொள்வார்.

மொறுமொறுப்பே இல்லை

வாணலி நிறைய அடைத்திருப்பீர்கள். கிழங்கு ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். 400 கிராமுக்கு 26 செ.மீ. வாணலி சரியாக இருக்கும். நாலு பேருக்குச் செய்வதென்றால் இரண்டு தடவையாகப் பொரியுங்கள். உப்பை ஆரம்பத்திலேயே போட்டாலும் தண்ணீர் விட்டு நொசநொசக்கும், ஆகையால் உப்பு கடைசியில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முட்டைக்காகக் கடைசியில் மூடி போடுகிறோம் அல்லவா, அந்த ஆவியில் கொஞ்சம் மொறுமொறுப்புப் போகத்தான் செய்யும். இது சிப்ஸ் அல்ல. ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் மூடியே போடாதீர்கள். வாணலியைச் சாய்த்து, சூடான எண்ணெயைக் கரண்டியால் மொண்டு வெள்ளைக்கருவின்மேல் நாலைந்து தடவை ஊற்றினால் அதுவும் வெந்துவிடும்.

வெள்ளைக்கரு மேலே சளியாக நிற்கிறது, அதற்குள் மஞ்சள்கரு கல்லாகிவிட்டது

நான் தெய்ஸே வீட்டுக்குத் தட்டோடு போனது இதற்காகத்தான். கிழங்கு வேகாததற்காகக் காத்திருந்தது ஒரு காரணம், அதை மேலே பார்த்தாயிற்று. கிழங்கு சரியாக வெந்தும் இப்படி வருகிறதென்றால் முட்டையின் சங்கதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளைக்கரு ஒரே பொருள் அல்ல, பல புரதங்களின் கலவை. அதில் ஒன்று 62 டிகிரிப் பக்கமே பால்போல வெளுக்க ஆரம்பிக்கும். அதிகமாக இருக்கிற இன்னொன்று 80 டிகிரி வந்தால்தான் முழுக்க இறுகும். மஞ்சள்கருவோ 65-இல் கெட்டிப்பட்டு 70-இல் உறைந்துவிடும். அதாவது, வெள்ளை முழுக்க வேகும் சூடு மஞ்சளுக்கு அதிகம். இரண்டையும் ஒரே சமயத்தில் ஒரே சூட்டில் சரியாகக் கொண்டுவர முடியாது. வெள்ளைக்கு மட்டும் கூடுதல் சூடு கிடைக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும்.

தெய்ஸே செய்வது இப்படி. முட்டையைக் குழியில் ஊற்றிய உடனே முள்கரண்டி முனையால் வெள்ளைக்கருவை மட்டும் மெல்லக் குத்தி, கிழங்குத் துண்டுகளுக்கு நடுவே பரப்பிவிடுவார். மஞ்சள்கருவைத் தொடமாட்டார். கெட்டியாகக் குவிந்து நிற்கிற வெள்ளை இப்போது மெல்லிய படலமாகச் சூடான கிழங்கைச் சுற்றிப் படர்ந்துவிடும், அரை நிமிடத்தில் வெளுத்துவிடும். மஞ்சள்கரு மட்டும் மேட்டில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஒரு நிமிடம் மூடினால் அதன் மேலும் ஒரு வெள்ளைப் பனி படியும். மூடியைத் திறந்து வாணலியை லேசாக ஆட்டிப் பாருங்கள். வெள்ளை அசையாமல் மஞ்சள் மட்டும் தளும்பினால் அந்த நொடியே அடுப்பை அணைத்துவிட வேண்டும். அடி கனமான சட்டி, அணைத்த பிறகும் ஒரு நிமிடம் சமைத்துக்கொண்டிருக்கும்.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உடைக்காதீர்கள், இருபது நிமிடம் வெளியே இருக்கட்டும். பழைய முட்டையில் வெள்ளை தண்ணீராக ஓடும், அதற்குக் குழி நிற்காது.

துருக்கியில் முட்டையின் பதத்துக்கு மூன்று பெயர் இருக்கிறது: ரஃபதான், கய்சி, கத்தி. ரஃபதான் என்றால் ஓடுகிற பதம். கத்தி என்றால் கெட்டி. நடுவில் இருக்கும் கய்சி என்பது ஆப்ரிகாட் பழம். பழுத்த ஆப்ரிகாட்டின் சதை மாதிரி, ஓடாமலும் உறையாமலும் தேன்போல இழுபட வேண்டும். அவித்த முட்டைக்குச் சொல்கிற பெயர்கள்தான், ஆனால் இங்கேயும் நாம் தேடுவது அந்தக் கய்சியைத்தான். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் ரசனையெல்லாம் பார்க்காமல் முழுக்க வேகவைத்தே கொடுங்கள்.

மஞ்சள்கரு உடைந்துவிட்டது

யாருக்கும் சொல்லாமல் எல்லா முட்டையையும் கலக்கிவிடுங்கள். அதுவும் துருக்கியில் செய்கிற முறைதான், முட்டையை அடித்து ஊற்றுகிற வீடுகள் ஏராளம். அடுத்த தடவை ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்துவிட்டு, அங்கிருந்து குழிக்குள் நழுவவிடுங்கள்.

கலக்கி ஊற்றினேன், பொடிப்பொடியாகித் தண்ணீர் விடுகிறது

அதிகம் வெந்துவிட்டது. முட்டைப் புரதம் அளவுக்கு மீறி இறுகும்போது பிழிந்த துணி போலத் தன் தண்ணீரை வெளியே தள்ளும். பளபளப்பு முழுக்க மறைவதற்கு முன்பே அடுப்பை அணையுங்கள். வெங்காயம், மிளகாய் போட்டிருந்தால் அவற்றின் ஈரம் வற்றிய பிறகே முட்டை.

வெங்காயம் கருகிக் கசக்கிறது

கிழங்கோடு சேர்த்தே போட்டிருப்பீர்கள். மூடியை எடுக்கிற கட்டத்தில் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சிவக்கும்.

வெங்காயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மெனெமென் என்கிற தக்காளி, மிளகாய், முட்டைப் பண்டத்தில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று துருக்கியில் தீராத சண்டை. 2018-இல் உணவு விமர்சகர் வெதாத் மிலோர் ட்விட்டரில் வாக்கெடுப்பே நடத்தினார். நாலு லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்து, வெங்காயக் கட்சி மயிரிழையில் ஜெயித்தது. உருளைக்கிழங்கு முட்டைக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நான் போடமாட்டேன், கிழங்கின் வாசனை அமுங்கிவிடுகிறது.

எண்ணெய் மிதக்கிறது

எண்ணெய் காயும் முன் கிழங்கைப் போட்டதால் இருக்கலாம். பெரும்பாலும் வேறு காரணம்: பொரிக்க ஊற்றிய எண்ணெயிலேயே முட்டையையும் உடைத்தது. கிழங்கு பொரிந்ததும் சட்டியைச் சாய்த்து அதிகப்படி எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள், ஒரு மேசைக்கரண்டி மிஞ்சட்டும். ஒட்ட வடித்துவிடாதீர்கள். இதற்குத் தொட்டுக்கொள்ள எக்மெக் என்கிற வெள்ளை ரொட்டியை மேசையில் வைத்திருப்பார்கள். ரொட்டியைப் பிய்த்து மஞ்சள்கருவிலும் சட்டியின் எண்ணெயிலும் ஒற்றி எடுப்பதற்கென்றே பன்மாக் என்று ஒரு சொல் இருக்கிறது. ஒற்ற எதுவும் இல்லாவிட்டால் பாதிச் சாப்பாடு போச்சு.

மிளகாய் கறுத்துக் காறலாக இருக்கிறது

புல் பிபெர் நம் மிளகாய்த்தூள் அல்ல. மராஷ் பக்கத்துச் சிவப்பு மிளகாயைக் காயவைத்து, செதிலாக இடித்து, கொஞ்சம் எண்ணெயும் உப்பும் பிசறியது. காரம் மட்டு, வாசனை அதிகம். கொதிக்கிற எண்ணெயில் விழுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் தீய்ந்துவிடும். சின்னக் கரண்டியில் வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கி, பத்து எண்ணிவிட்டுச் செதிலைப் போடுங்கள். வெண்ணெய் சிவப்பாக மாறினால் சரி, பழுப்பானால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். தாளிக்கும் கரண்டி இருக்கிற வீட்டுக்கு இது புது வேலை இல்லை. ஒரே வித்தியாசம், இங்கே வெடிக்கவிடக்கூடாது.

புல் பிபெர் கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயை விதை நீக்கி வெறும் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி, மிக்ஸியில் இரண்டு சுற்று மட்டும் ஓட்டுங்கள். தூளாகக்கூடாது, கொரகொரப்பாக இருக்க வேண்டும். இரண்டு சொட்டு எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கையால் கசக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். கடையில் வாங்கிய புல் பிபெரில் உப்பு இருக்கும் என்பதை மறந்துவிட்டுக் கிழங்குக்கும் தாராளமாகப் போட்டால் கரிக்கும். வெள்ளைப் பாலாடைக்கட்டி உதிர்த்துப் போடுவதாக இருந்தால் உப்பைப் பாதியாக்குங்கள்.

பச்சை நிறம்

மஞ்சள்கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதிகம் வெந்ததில் வெள்ளையின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்ந்த நிறம் அது. கிழங்குத் தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் அப்படி விடாதீர்கள். வெளிச்சத்தில் கிடந்து பச்சையான கிழங்கில் சோலனைன் என்ற நச்சு சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் போகாது. கொஞ்சமாக இருந்தால் ஆழமாகச் செதுக்கி எறியுங்கள். பாதிக் கிழங்கு பச்சை என்றால் முழுதும் குப்பைக்கு.

மிச்சமாகிவிட்டது, சூடுசெய்தால் தோலாக இழுக்கிறது

முட்டை ஊற்றிய பிறகு இதை வைத்துச் சாப்பிட முடியாது. முன்னாலேயே யோசித்துக் கிழங்கில் பாதியை முட்டை ஊற்றாமல் எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பொரித்த கிழங்கு ஃபிரிட்ஜில் இருப்பதில் தவறில்லை, சர்க்கரைத் தொல்லை பச்சைக் கிழங்குக்குத்தான். மறுநாள் சட்டியில் புரட்டிப் புது முட்டை உடைத்துக்கொள்ளலாம். முட்டையோடு மிஞ்சியே விட்டதென்றால் சூடு காட்டாமல், பூண்டுத் தயிர் ஊற்றிச் சாப்பிடுங்கள். ஒரு பல் பூண்டை உப்போடு நசுக்கி அரைக் கப் கெட்டித் தயிரில் கலக்க வேண்டும். நம் வீட்டுத் தயிர் நீர்த்திருந்தால் அரைமணி துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கொள்ளுங்கள். எதிர்வீட்டுத் தெய்ஸே சுடச்சுடச் செய்ததற்கே இந்தத் தயிரை ஊற்றித்தான் கொடுப்பார். கெட்டுப்போன என் தட்டையும் அன்றைக்கு அப்படித்தான் சாப்பிட்டு முடித்தோம்.